புகை மணக்கும் இரண்டு பாட்டில்கள்

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லிப் பழக எனக்கு இருபத்தெட்டு வயதாயிற்று. சிலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிற பழக்கம்தான். எனக்கு மட்டும் கல்யாணம், மாமனார், அவருடைய கறவை மாடு என்று ஏகப்பட்ட பேர் சேர்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

1999ஆம் வருடம். நாமக்கல்லில் கோழி மருந்து விற்கும் கம்பெனி ஒன்றில் பிரதிநிதியாக இருந்தேன். பண்ணை பண்ணையாகப் போவேன். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதனால் அயோடின் வாசம் எனக்கு எங்கள் வீட்டு ரசத்தைவிடப் பழக்கம். (வீட்டில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.)

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் எனக்குப் பெண் அமைந்தது. மாமனார் சுப்பிரமணி மலையிலேயே பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்து நேரே கடலுக்குப் போய், சரக்குக் கப்பலின் எஞ்சின் ரூமில் ஃபிட்டராகப் பதினாலு வருடம் இருந்தவர். பிறகு திரும்பி வந்து காப்பியும் மிளகும் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். எஞ்சின் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று விட்ட பேச்சு, மலைக்கு வந்தும் திரும்பவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னைக் காப்பிக் களத்துப் பக்கம் கூட்டிப் போய், பழக்கம் ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் ஏறக்குறைய உண்மை. நண்பன் கல்யாணத்தில் அரை டம்ளர் பிராந்தி குடித்துவிட்டு, மணவறைக்குப் பின்னால் சமுக்காளத்தில் சுருண்டு தூங்கி, தாலி கட்டியதையே பார்க்காதவன் நான். ஆனால் உலகம் சுற்றியவர் முன்னால் அப்படி ஒரு பதிலைச் சொல்ல மனம் வரவில்லை.

“அளவாத்தானுங்க. ஸ்காட்ச் மட்டும்” என்றேன்.

அவர் “அப்படீங்களா” என்றார். அதோடு மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

கல்யாணம் முடிந்த முதல் ஆடிக்கு விருந்துக்குப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் ஏறியதையே ஒரு சாதனையாக என் மனைவி செல்வியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். மேலே சாரல். எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் பாதிதான் தெரிந்தது, மீதியை மஞ்சு மூடியிருந்தது.

மறுநாள் மாமாவைப் பார்க்க ஒருவர் வருவதாக வீடே பரபரப்பாக இருந்தது. வருபவர் லூர்து சார். தூத்துக்குடிக்காரர். கப்பலில் சீஃப் எஞ்சினியர், மாமாவுக்கு மேலதிகாரி. மாமாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மாமா கப்பலைவிட்டு இறங்கிப் பதினொரு வருடம் கழித்து, முதல் முறையாக மலைக்கு வருகிறார்.

சாயங்காலம் மாமா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு பாட்டில்கள், சின்னக் கண்ணாடி டம்ளர்கள் இரண்டு, ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டுமே லூர்து சார் கொடுத்தவை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் காய்ச்சியவை. அங்கே விறகு கிடையாதாம், சதுப்பு நிலத்தை வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால் விஸ்கியிலும் புகை வாசம் வரும் என்றார். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்ததிலிருந்து டாக்டர் ஒரு சொட்டும் கூடாதென்று தடுத்துவிட்டார். ஆகவே இரண்டும் திறக்கப்படாமலே இருந்தன.

“கொடுத்தவருக்கே ஊத்தப் போறமுங்க. மட்டமானதை வச்சுட்டா அசிங்கமாப் போயிருமுங்க. நீங்க ருசி தெரிஞ்சவரு. எதை வைக்கலாமுன்னு ருசி பார்த்துச் சொல்லுங்க மாப்ள.”

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ அவர் மூடியைத் திறந்து ஊற்றிக் கொடுத்த டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். (எதற்கு என்று இன்றுவரை தெரியாது.)

முதல் பாட்டில் பிடித்துத்தான் இருந்தது. விறகடுப்பில் வெல்லப்பாகு காய்ச்சும்போது பக்கத்தில் நிற்பதுபோல் இனிப்பும் புகையும் கலந்த வாசம். நாக்கில் சுட்டது, ஆனால் கோபமில்லாமல் சுட்டது. தலையை ஆட்டினேன். மாமா இரண்டாவதை ஊற்றினார். டம்ளர் மூக்குக்கு வருவதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. தார், எரிந்த கயிறு, உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே அயோடின். கோழிப்பண்ணை வாசல் தொட்டியில் முகத்தை முக்கியதுபோல் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு வாசம் அந்த அறைக்குள் வந்திருந்தது. விடுவேனா?

“இது கெட்டுப்போச்சுங்க மாமா” என்றேன்.

அவர் வாங்கி முகர்ந்தார். தனக்கு இது என்னவோ பழைய எஞ்சின் ரூம் மாதிரி நல்லாத்தான் படுகிறது என்று தயங்கிச் சொன்னார். நான் விடவில்லை. புகை வரலாம், மருந்து எப்படி வரும்? மூடி வழியாகக் காற்றுப் போயிருக்கும், உள்ளே ரசாயன மாற்றம் நடந்திருக்கும் என்று ஐந்து நிமிடம் பேசினேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்த மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் பாட்டிலைச் சோகமாக ஓரம் வைத்தார்.

அத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாட்டுக் கொட்டகையில் கறவை மாட்டுக்குக் குளம்பிடுக்கில் முள் குத்திப் புண்ணாகி, ஆடிச் சாரலில் ஆறாமல் இருந்தது. கெட்டுப்போனதைச் சும்மா கொட்டுவானேன்? சாராயமும் அயோடினும் சேர்ந்தால் புண்ணுக்கு அதைவிட மருந்து ஏது? இந்த யோசனையை நானேதான் சொன்னேன். நானேதான் பாட்டிலை எடுத்துக்கொண்டும் போனேன். மாமியார் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குளம்பு, கால், தரை என்று தாராளமாக ஊற்றிக் கழுவினேன். அடியில் இரண்டு விரல் அளவு மீந்ததை மறுநாளைக்கு இருக்கட்டும் என்று கொட்டகைச் சுவர்மேல் வைத்தேன். மாடு காலை நக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்கள் பாதி மூடி, முகத்தில் ஒரு பெரிய நிம்மதி. மருந்து வேலை செய்கிறது என்று மாமியாரிடம் விளக்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லூர்து சார் செம்மேட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளை மீசை, கட்டையான உருவம். மாமா கையைக் கூப்பியபடி ஓடினார். லூர்து சார் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தி மூக்கை உயர்த்தினார். ஒரு வார்த்தை பேசாமல் வீட்டைத் தாண்டி நேரே கொட்டகைக்குப் போனார். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் நான். அவர் மாட்டின் முன் குனிந்து நின்று இன்னொரு முறை மூச்சை இழுத்தார்.

“சுப்பிரமணி, உன் மாடு என்னடே குடிச்சிருக்கு?”

மாமா ஒரு கணம்கூட என் பக்கம் பார்க்கவில்லை. “எங் கை தவறி விழுந்து ஒடைஞ்சு போச்சுங்க சார்” என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னதில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவருக்கு நேர் மேலே, சுவரில், லேபிள் எங்களைப் பார்க்கிற மாதிரி பாட்டில் முழுசாக நின்றுகொண்டிருந்தது.

லூர்து சார் பாட்டிலைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் செல்வி தெரிந்தாள். ஒரு மாதக் கல்யாணத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள். எனக்காக அவளுடைய அப்பா தலைகுனிந்து நிற்கிறார்.

“நாந்தானுங்க ஊத்திப் போட்டேன்” என்றேன். “எனக்கு விஸ்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப மாமாகிட்ட பொய் சொன்னேனுங்க.”

அந்தப் பாட்டில் எப்படி வந்தது என்பதை லூர்து சார் பிறகுதான் சொன்னார். மாமா கப்பலைவிட்டு இறங்கப் போகிறார் என்று தெரிந்ததும், ஒரு நாள் லீவு போட்டு, படகில் அந்தத் தீவுக்கே போய் அவருக்கென்று வாங்கி வந்ததாம், பதினாறு வருடம் மரப் பீப்பாயில் ஊறியதாம். முதல் பாட்டில் ஏதோ துறைமுகக் கடையில் வாங்கியது. நான் சரியாக அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அவர் மீதியிருந்ததை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார். அந்தத் தீவில் கடல் காற்றும் பாசியும் சதுப்பு மண்ணுக்குள்ளேயே ஊறியிருக்கும் என்று சொல்லி, இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டார். கண்ணை மூடிக் குடித்தேன். கடலும் காற்றும் வரும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன்.

“அயோடின்தானுங்க சார்” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மாடே திரும்பிப் பார்த்தது. “அந்த மருந்து வாசத்துக்குத்தான்டே சனங்க தேடி அலையுது. மூக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு, உனக்குத்தான் புத்தி வேலை செய்யலை.”

மாமா காலி பாட்டிலை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். “பாய்லருக்குப் பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்குதுங்க சார்” என்றார். அன்று முழுவதும் இருவரும் கப்பல் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா அவ்வளவு பேசி செல்விகூடக் கேட்டதில்லையாம். முதல் பாட்டிலைத் திறந்து வைத்தும் லூர்து சார் தொடவே இல்லை. போகும்போது என் தோளில் தட்டி, மாட்டை நன்றாகப் பார்த்துக்கொள், அது தன்னைவிட மூத்த சரக்கைக் குடித்திருக்கிறது என்றார். ஒரே வாரத்தில் புண் ஆறிவிட்டது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

லூர்து சார் போய்ச் சேர்ந்துவிட்டார். நாலு வருடம் முன்பு மாமாவும் போய்விட்டார். மாமியார் இப்போது எங்களோடு நாமக்கல்லில் இருக்கிறார். சாதாரணமாக என்னிடம் நேராகப் பேசக்கூட மாட்டார், கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேச்சு. போன மாதம் என் மகள் ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பஞ்சை அயோடினில் நனைத்து எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் அந்த வாசத்தை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் துளி சிரிப்பில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, இது எத்தன வருசத்துதுங்க?”

நான் எழுந்து போய்ப் பஞ்சை முகர்ந்தேன்.

“பதினாறு இருக்குமுங்க அத்தை” என்றேன்.

நர்ஸம்மா பஞ்சைப் பிடித்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.