ரவுண்டைத் தின்ற எட்டுக் கட்டம்

வியாசர்பாடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் டெபோராவுக்கு, சித்தப்பா அலெக்ஸாண்டர் ஆசி கூறி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் சித்தி மெர்லினும் நலம். நம் பாக்ஸிங் கிளப்பின் மணி மட்டும் நலமில்லை. காரணம் நீ.

உன் பேச்சைக் கேட்டு உங்கள் கம்பெனியின் புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் சனிக்கிழமை, மணி அடிக்கும் கிளப் கம்ப்யூட்டரில் போட்டோம். ஞாயிறு டோல்கேட் டீமோடு போட்டி. நம் ஜெமிமா ரிங்கில் ஏறி கிளவுஸை முட்டினாள், மணி அடித்தது, ரவுண்டு முடிந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தாள், மறுபடி மணி. மணி அடித்தால் ரவுண்டு முடிந்தது, அதுதான் விதி என்று நடுவர் ஒரே பிடிவாதம். மூன்று ரவுண்டும் முடிந்தபோது அவளுக்கு வேர்வைகூட வரவில்லை. "இன்னா மாஸ்டர், ஒரு குத்துகூட வுடல, அதுக்குள்ள பூட்ச்சா?" என்று என்னைக் கேட்கிறாள். டோல்கேட் கோச் வேறு, "இன்னா மாமு, உன் பெல்லுக்கு வூட்டாண்ட சோறு ஆறிகினு கீதா?" என்கிறார். அங்கேயே உனக்குப் போன் போட்டேன்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். உன் அப்பா, என் அண்ணன் சவரிநாதன், பதினெட்டு வருஷத்துக்கு முன் எழுதிய மணி புரோகிராம், கம்ப்யூட்டரிடம் நேரம் கேட்டு, பதிலை வைக்க மெமரியில் நாலு கட்டம் ஒதுக்கியிருக்கிறது. 2038ஆம் வருஷத்துக்கு மேல் நேரத்தை எண்ண நாலு போதாது என்று நீங்கள் எட்டாக அகலப்படுத்திவிட்டீர்கள். நல்ல காரியம்தான், அதுவரை இருக்க எனக்கும் ஆசை. ஆனால் நாலு கேட்டவனிடம் எட்டைக் கொட்டினால் மிச்சம் எங்கே போகும்? பக்கத்துக் கட்டத்தில் ரவுண்டுக்கு மூன்று நிமிஷம் என்று இருந்தது, அதன்மேல் பூஜ்யம் வந்து விழுந்தது. பூஜ்ய நிமிஷத்தில் பிள்ளை யாரைக் குத்துவாள்?

"புரோகிராமைத் திரும்ப கம்பைல் பண்ணுங்க சித்தப்பா" என்கிறாய். எதை வைத்தம்மா பண்ணுவது? ஓடுகிற ஃபைல் மட்டும்தான் இருக்கிறது, அதற்கு மூலமாக அண்ணன் எழுதிய சோர்ஸ் அவரோடு போய்விட்டது. வருகிற ஞாயிறு மறுபோட்டி. அதற்குள் சரியாகாவிட்டால் கமிட்டி புது டைமர் வாங்கி, உன் அப்பா கைவேலையைத் தூக்கிப் போட்டுவிடும். எனக்கு அதைத் தாங்கும் நெஞ்சு இல்லை. அதனால் பழைய புரோகிராம் வந்து கேட்டால் நாலு கட்டம், புதியது கேட்டால் எட்டு என்று உங்கள் சிஸ்டத்தில் இரண்டு வாசல் வை.

வேளைக்குச் சாப்பிடு. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியார் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புச் சித்தப்பா
அலெக்ஸாண்டர்

பி.கு.: கடிதத்தைப் படித்த உன் சித்தி, "சோர்ஸா? பெரியவரு எழுதிக் குட்த்த பேப்பர்தானே, மசாலா டப்பாங்களுக்கு அடியில கீது" என்கிறாள். இத்தனை வருஷமாய் அலமாரித் தட்டில் விரித்து வைத்திருக்கிறாள். அண்ணன் கையெழுத்தேதான், பதினாலு பக்கம், ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் எண்ணெய். பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. இதை டைப் அடித்து நீ சொன்னபடியே கம்பைல் பண்ணலாம், மேலே திட்டியதையெல்லாம் அடித்துவிடு. இரண்டு வாசலை மட்டும் எப்படியாவது வைத்துவிடு. எல்லார் வீட்டிலும் மெர்லின் இருக்க மாட்டாள்.