நார்வே பெண்ணுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியாரே மக்காக இருந்தால் என்ன சொல்வது என்று பழமொழி எதுவும் இல்லை. அந்தக் குறையை என் மனைவி வீட்டார் தீர்த்துவைத்தார்கள். “வாத்தியார் வாசலைக் காத்த மாதிரி” என்று புதிதாக ஒன்று அந்தக் குடும்பத்தில் வழங்கிவருகிறது. அது எப்படிப் பிறந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

நான் காரைக்குடியில் விலங்கியல் ஆசிரியர். மண்புழு, தவளை, கரப்பான்பூச்சி மூன்றையும் தூக்கத்தில் எழுப்பினாலும் படம் வரைந்து பாகம் குறிப்பேன். (நாய் பாடத்திட்டத்தில் இல்லை. இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.) மாமனார் வீடு பெரிதாகச் சும்மா கிடந்ததால் நாங்கள் அதில்தான் குடியிருந்தோம்.

என் மனைவி உமையாளின் தம்பி லெட்சுமணனுக்கு நார்வேயில் வேலை. ஒரு வருடம் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி விட்டதால் பெண்டாட்டி, பிள்ளைகளோடு வந்து இறங்கினான். கூடவே ஒரு நாய். டங்கர் என்ற ஜாதி. முயலின் தடத்தை மோப்பம் பிடித்து விரட்டுவதற்கென்றே நார்வேயில் வளர்க்கிற வேட்டை நாயாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்றான். தொங்கு காது, சாம்பல் நீல உடம்பில் கருப்புத் திட்டுகள். எங்கள் வீட்டு மார்பிள் தரையில் படுத்தால் இருப்பதே தெரியாமல் மிதித்துவிடுவோம். பெயர் ஃப்ரேயா. மறுநாளே எங்கள் தெருவில் அவள் பிரியா ஆகிவிட்டாள்.

பிரியாவுக்கு நார்வேயில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அருகிவரும் இனம் என்பதால் கண்டபடி ஜோடி சேர்க்க மாட்டார்களாம். பல தலைமுறை வம்சாவளி பார்த்து, நெருங்கிய ரத்தம் இல்லை என்று உறுதிசெய்துதான் சம்பந்தம் பேசுவார்களாம்.

“நம்ம கோவில் பாக்குற மாதிரி” என்று உமையாள் உடனே புரிந்துகொண்டாள். எங்கள் நகரத்தார் வீடுகளில் பெண் எடுக்குமுன் கேட்கிற முதல் கேள்வி, எந்தக் கோவில் என்பதுதான். ஒரே கோவில் என்றால் பங்காளி, பேச்சு அதோடு முடிந்தது.

லெட்சுமணன் குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பியபோது பிரியாவை என்னிடம் விட்டான். காதை தினமும் துடைக்க வேண்டும், ஈரம் தங்கினால் சீழ் வைக்கும். வெயில் ஏறுமுன் நடத்திக் கூட்டிவர வேண்டும். மத்தியானம் ஏசி.

“இன்னொண்ணு அத்தான். அவ பருவத்துக்கு வர்ற நேரம். தெரு நாய் எதுவும் உள்ள வந்துறக் கூடாது. பாத்துக்குவீகளா?”

“யார்ட்ட சொல்ற? நான் எம்.எஸ்ஸி. சுவாலஜிடா!”

அவன் சொன்னபடியே ஆயிற்று. ஊரிலுள்ள கடுவன் நாயெல்லாம் எங்கள் வாசலில் கூடின. முன்கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கையில் கம்போடு உட்கார்ந்தேன். பள்ளிக்கு லீவு போட்டேன். பிரியாவின் நடையைக் கொல்லைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஒரு நாய் உள்ளே வரவில்லை. இதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இதில் எனக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் எனக்குச் சொன்ன நடைப்பயிற்சிக்கு, உமையாளைக் காவல் வைத்துவிட்டுத் தனியாகப் போய்க் காலையில் நான் வீடு திரும்பியதும் பிரியா ஓடிவந்து என் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். உள்ளங்கையை நக்குவாள். முனகுவாள். “உன்ன மறந்தே போயிட்டாடா. என் மேல அப்படி ஒரு பாசம்” என்று லெட்சுமணனுக்குப் போன் போட்டே சொன்னேன்.

“அப்படி என்னத்தப் பூசிக்கிட்டு வாரீக?” என்றாள் உமையாள். பொறாமை என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை பிரியாவைக் கொல்லையில் விட்டிருந்தேன். பின் தெருவில் குப்பை வண்டி விசில் கேட்டது. கொல்லைக் கதவைத் திறந்து கூடையைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து முன்வாசலில் நாய்ச்சண்டை. கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முன்வாசல் போய்ச் சேரவே மூச்சு வாங்கும். விரட்டிவிட்டு வெற்றியோடு திரும்பினால் கொல்லைக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. பிரியா இல்லை. உள்ளே வருகிற நாய்க்குத்தான் நான் காவல் இருந்தேன். வெளியே போகிற நாய் என் கணக்கிலேயே இல்லை.

தெருவில் மூக்கைத் தரையில் வைத்தபடி, நீளமாக ஊளையிட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் கம்பு என்று நான் பின்னால். எனக்குப் பின்னால் கழுத்துப்பட்டையோடு உமையாள். பிரியா ஊருணிக் கரையில் திரும்பினாள். நானும் தினமும் அங்கேதான் திரும்புவேன். வடைக் கடை முன்னால் நின்று சுற்றினாள். நானும் தினமும் அங்கே நிற்பேன்.

“இதுதேன் நீங்க போற வாக்கிங்கா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. காதில் விழாததுபோல் ஓடினேன்.

அடுத்து டீக்கடை. அங்கே ஒரு செவலை நாய் உண்டு. பாதிக் காது கிடையாது, வால் சுருட்டை. வாசலில் தலைமை தாங்குவதுபோல் உட்கார்ந்திருப்பதால் பெயர் சேர்மன். தினமும் அவனுக்கு பன் பிய்த்துப் போட்டு முதுகைத் தடவிக் கொடுப்பேன். அவனும் என் வேட்டியில் உரசி நன்றி சொல்வான். அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாப்பிள்ளையின் வாசத்தை தினமும் வேட்டியில் கொண்டுபோய்ப் பெண்ணிடம் காட்டியவன் நான். அவன் வீட்டுக்கு வழி போட்டுக் கொடுத்தவனும் நான்.

டீக்கடைக்காரர் என்னைத் தடுத்தார். “பின்னாடி அங்குட்டுப் போகாதீக சார். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல. உக்காருங்க, டீ சாப்பிடுங்க.”

உமையாள் வந்து சேர்ந்தாள். கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மாப்பிள்ள எந்தக் கோவில்?” என்றாள்.

காசியிலிருந்து வந்த லெட்சுமணன் கத்தியிருந்தால் தேவலை. “உங்கள நம்பித்தானே அத்தான் விட்டுட்டுப் போனேன்” என்று மட்டும் சொன்னான். அது இன்றைக்கும் உறுத்துகிறது. நார்வே மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லத் தலைகுனிந்து போனில் அவன் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. பிரியா சினையானதால் நார்வே திரும்பும் பயணமும் தள்ளிப்போயிற்று.

குட்டிகள் ஏசி அறையில் பிறந்தன. எல்லாம் செவலை. ஒன்று மட்டும் அம்மாவைப் போலவே சாம்பல் நீலம், கருப்புத் திட்டு. பின்பக்கம் பார்த்தால் சேர்மன் வால். அதைக் கையில் எடுத்த லெட்சுமணன் பல நாளுக்கப்புறம் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. பிரியாவுக்கு நார்வேயில் முறைப்படி சம்பந்தமும் பிறகு நடந்தது. சுருட்டை வால்காரன் என்னோடு இருக்கிறான். காரைக்குடி வெயிலில் மல்லாந்து தூங்குகிறான்.

போன மாதம் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். லெட்சுமணனும் வந்திருந்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைக் காட்டி, “இவுகதான் பொண்ணுக்கு அப்பச்சியா?” என்று அவனிடம் கேட்டார். (எங்களில் அப்பாவை அப்பச்சி என்போம்.)

“ஆமா. எங்க வீட்டுல வெளிநாட்டுச் சம்பந்தம் மொதல்ல முடிச்சு வச்சதும் இவுகதான்” என்றான் அவன், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

பெரியவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அப்படியா! எங்க சின்னவனும் நார்வேயிலதேன் இருக்கான். ஜாதகத்தக் கொடுத்து விடட்டுமா?”