கட்டம் போட்ட நோய்

மரியாதைக்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. 'இங்கு நாங்கள் அனைவரும் நலம்' என்று எழுதிப் பழகிய கை, இன்று அந்த வார்த்தை வந்ததும் நின்றுவிட்டது. நலமில்லை. அங்கு நீங்களும் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் இப்போதைக்கு எழுத வேண்டாம், தாங்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் உங்களை 'மாட்டு டாக்டர்' என்று நான் சொன்னதை நீங்கள் மறந்திருப்பீர்கள். நானே மறந்துவிட்டேன், ஆகையால் நீங்களும் மறப்பதுதான் முறை. பசுவுக்கும் தோல்தான், பிள்ளைக்கும் தோல்தான். வாயில்லா ஜீவனின் நோயையே கண்டுபிடிக்கிறவர், வாய் ஓயாத உங்கள் மருமகளின் நோயைக் கண்டுபிடிக்க மாட்டீர்களா?

விஷயம் இதுதான். கொஞ்ச காலமாக எங்கள் மகளுக்குக் கால்களின் பின்பக்கம், முழங்காலுக்கு மேலே, சிவப்பாகத் தடிப்புகள் எழும்புகின்றன. சொறி அல்ல, சிரங்கு அல்ல, கொசுக்கடி அல்ல. கட்டங்கள். டைல்ஸ் தொழிற்சாலையில் பழுது கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணால், மேசை விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொல்கிறேன், ஒரு கட்டம்கூடக் கோணல் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு சரக்கு வந்திருந்தால் முதல் தரம் என்று முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். பிள்ளையின் படிப்பை நான் கையில் எடுத்த நாளிலிருந்து என்று உங்கள் தங்கை சொல்கிறாள். அவள் சொல்வாள். பெரிய பள்ளிக்கூடத்தின் நுழைவுத் தேர்வு வருகிறதே என்று, மூடிப்போன ஓர் அலுவலகத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அவளுக்காகவே ஒரு நாற்காலி எடுத்து வந்தேன். இரும்புச் சட்டம், உட்காருமிடத்தில் கெட்டியான வயர் பின்னல். உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும். உங்கள் தங்கை உடனே அதன்மேல் ஒரு மெத்தையைப் போட்டாள். மெத்தை வந்தால் தூக்கம் வரும் என்று எடுத்துப் பரண்மேல் எறிந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையை மாற்றி, குட்டைக் கவுனோடு உட்கார்ந்தாளானால் சாப்பாட்டு நேரம் வரை பிள்ளை அசையக் கூடாது. அசையவும் மாட்டாள், எதிரில் நான் உட்கார்ந்திருப்பேன். இப்படிக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிற பிள்ளைக்கா நோய் வர வேண்டும், சொல்லுங்கள்! அதிலும் ஒரு வேடிக்கை, நான் வேலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டம் வருவதில்லை. நோய் வார விடுமுறை எடுத்துக்கொள்கிறது. எனக்கே கிடைக்காத சலுகை.

காலையில் பார்த்தால் மாயமாக மறைந்துவிடும். உங்கள் தங்கை "சரியாப்போச்சு" என்று கையைத் தட்டினாள். "சரியாப்போகல, உள்ள போயிடுச்சு. வெளிய இருக்கிற நோயைவிட உள்ள இருக்கிற நோய்தான் ஆபத்து" என்று நான் அதட்டி, தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த ஒரு நீள பெஞ்சு. அதில் காத்திருந்து காத்திருந்து ஒருவழியாக உள்ளே போய்ப் பிள்ளையைத் திருப்பி நிறுத்தினால், ஐயோ மச்சான், கட்டத்தைக் காணோம், அதற்குப் பதில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள்! நோய் போகிற வழியில் உருவம் மாறிவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசு. பார்த்ததும் சிரித்தார்.

"எவ்வளவு நேரமா வெளியில உட்கார்ந்திருந்தீங்க?"

"ரொம்ப நேரமா."

"அந்த பெஞ்சுலயா?"

பின்னே உங்கள் மேசைமேலா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஒண்ணுமில்லைங்க, பாப்பாவை எழுந்து ஓடி விளையாட விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருந்தே எழுதவில்லை. மருந்து எழுதத் தெரியாதவரை யார் டாக்டராக்கினார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் நானே வைத்தியத்தில் இறங்கினேன். தொழிற்சாலைச் சூளைக்காரர் ஒரு தைலம் கொடுத்தார், தடவினோம், எரிந்தது. மாடி வீட்டுக்காரர், ஒரு காலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர், எரிச்சலுக்கு ஒரு களிம்பு கொடுத்தார்; களிம்பு நாறியது. நாற்றத்துக்கு ஒரு பவுடர். இரத்தம் சுத்தமாகக் கசப்புக் கஷாயம், அதற்குப் பத்தியமாக உப்பில்லாத கஞ்சி. இத்தனையும் பூசி, குடிக்க வைத்து, பழையபடி நாற்காலியில் உட்கார வைத்தால், சாயங்காலம் அதே கட்டம். பிள்ளையோ படிப்பிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறாள். "அப்பா, உக்காந்தாத்தான்ப்பா வருது" என்கிறாள். உட்கார்ந்தால் நோய் வருமென்றால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

இப்போதைய சிக்கல், வருகிற சனிக்கிழமை பள்ளியில் ஓட்டப்பந்தயம். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் அவள்தானாம். தொற்றுநோயாக இருந்தால் வியர்வையில் ஊர் முழுக்கப் பரவுமே என்று, போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து பிள்ளை என்னோடு பேசவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். வாய்க்கு வந்தபடி அதட்டுகிறேனே தவிர, பயமாக இருக்கிறது மச்சான். இருப்பது ஒரே பிள்ளை. என்ன நோய், என்ன மருந்து, ஓடலாமா கூடாதா என்று வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும்படி எழுதுங்கள். நீங்கள் எது சொன்னாலும் கேட்கிறேன். மாடுகளே கேட்கும்போது எனக்கென்ன?

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்கள் கொட்டிலில் நிற்கும் நோயாளிகளுக்கு என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத
தங்கை கணவன்

பின்குறிப்பு: மச்சான், மோசம் போய்விட்டேன்! பிள்ளை படுத்திருக்கிறாளே, நாற்காலி சும்மா கிடக்கிறதே என்று, புழுக்கத்துக்கு அரைக்கால் சட்டையோடு அதில் உட்கார்ந்துதான் இவ்வளவும் எழுதினேன். எழுந்தால் பின்னங்கால் எரிகிறது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி எட்டிப் பார்த்தேன். கட்டம்! அதே அளவு, அதே வரிசை! எனக்கும் தொற்றிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கையால் தொடாதீர்கள். இதைப் படிக்கும்போது தொட்டிருப்பீர்கள், மன்னிக்கவும்.

அண்ணா, இனி எழுதுவது நான். உறையை ஒட்டி அனுப்பச் சொல்லிவிட்டு அவர் குப்புறப் படுத்திருக்கிறார். நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டேன். நோய் எதுவென்று இந்த முறை அவரிடம் சொல்லவில்லை. எத்தனை நாள் சொல்லியிருப்பேன், காதில் வாங்கினாரா? சூளைக்காரர் தைலம், மாடி வீட்டுக் களிம்பு, பவுடர், எல்லாவற்றையும் வரிசையாக அவருக்குப் பூசியாயிற்று. உப்பில்லாத கஞ்சி அடுப்பில் இருக்கிறது. "கட்டம் மறைஞ்ச மாதிரி இருக்கே" என்றார். "உள்ள போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மருமகள் எழுந்து வந்து, எதிரில் உட்கார்ந்து, அப்பா அசையாமல் பார்த்துக்கொள்கிறாள். சனிக்கிழமை அவள் ஓடுவாள், நான் கூட்டிப்போகிறேன். நீங்கள் பதில் எழுதும்போது, தொற்றுநோய்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வரை வாசல் தாண்டவே கூடாது என்று கொஞ்சம் கண்டிப்பாக எழுதுங்கள். கீழே மறக்காமல் 'மாட்டு டாக்டர்' என்று கையெழுத்துப் போடுங்கள்.