ஐந்து முடக்கும் ஒரு குடை வண்டியும்

வண்டி இன்று மலைப்பாதை வளைந்து திரும்பும் நாலாவது முடக்கில் நின்றுவிட்டது. நேற்றாவது ஐந்தாவது முடக்குவரை போய்த்தான் மூச்சை விட்டது.

கிருஷ்ணராஜ் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். காலை எடுத்தால் வண்டி வந்த வழியே ஓடிவிடும். பின்னால் இருந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம், எஞ்சின் கொஞ்சம் களைத்துப் போய்விட்டது என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அந்த மனிதர் வண்டியின் பின்பக்கம் போய் நாலைந்து போட்டோ பிடித்தார். பிறகு முன்னால் வந்து, பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"நின்னுபோன வண்டியக்கூடவா போட்டோ புடிப்பாங்க?" கிருஷ்ணராஜுக்குக் காது சுட்டது.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிற பழைய தொரை பங்களாவை இப்போது விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். கீழ் கேட்டிலிருந்து அரை மைல் கல்பாதை, ஐந்து முடக்கு; ஐந்தாவது முடக்கில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. வேன் திரும்ப இடமில்லை. அதனால் எங்கேயோ புல்வெளியில் பந்தடிக்கிறவர்களைச் சுமந்து திரிந்த கோல்ப் வண்டி ஒன்றை முதலாளி வாங்கி அனுப்பினார். பெட்ரோலில் ஓடும், கதவு கிடையாது, மேலே வெள்ளைக் கூரை, பின்னால் பைகள் வைக்க ஒரு தட்டு. அந்தத் தட்டுப் பக்கமிருந்து மழைச்சாரல் அடிக்காமல் இருக்கக் கறுப்புப் படங்குத் துணி ஒன்றைச் சீட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கட்டியிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அதற்குக் குடை வண்டி என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குமுன் கிருஷ்ணராஜ் பன்னிரண்டு வருஷம் தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லுக்கு மருந்தடித்தவன். மருந்துத் தாங்கியின் வார் பதிந்த தடம் இன்னும் இரண்டு தோளிலும் இருக்கிறது. குடை வண்டியில் ஏறி உட்கார்ந்த நாள்முதல் அவன் தரையில் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மலையிலிருந்து மூட்டம் இறங்கிவிடும். அந்த மூட்டத்துக்குள் போகும்போது, வண்டி ஏறுகிறதா, அல்லது தேயிலைச் செடிகள்தான் வரிசையாகக் கீழே இறங்கிப் போகின்றனவா என்று தெரியாது. கொழுந்து பறிக்கிற பெண்களின் சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ வரும், ஆள் தெரியாது. மேகத்துக்கு ஸ்டியரிங் வைத்து ஓட்டுவதுபோல இருக்கும் அவனுக்கு.

விருந்தினர் இருவரும் மூட்டத்தில் கரைந்துபோனார்கள். சற்றுநேரம் கழித்து அக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பார்த்தான். வண்டி ஆட்டுக்குட்டிபோலத் துள்ளி ஏறியது.

"ஓய்வு கேக்குது போல. வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?" என்று கூரையைத் தட்டிக்கொடுத்தான்.

பங்களா மேனேஜர் ஷப்ராஸ் வாசலிலேயே நின்றார்.

"கிருஷ்ணராஜ், வார புதன்கிழமை முதலாளி வாரார். அவருக்கு முழங்கால் ஏலாது. கேட்டுல இருந்து வாசல் வரைக்கும் வண்டியிலதான் வரணும். ஏறலண்டா வண்டிய திருப்பி அனுப்பிருவார்."

"அப்ப நான், சேர்?"

ஷப்ராஸ் தரையைப் பார்த்தார். "மருந்துத் தாங்கி இன்னும் ஸ்டோர்லதான் கெடக்கு."

மறுநாள் விடிந்ததும் கிருஷ்ணராஜ் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினான். எயார் பில்டரில் இருந்த தூசியை ஊதினான். பின்தட்டில் எப்போதும்போல ஒரு பிடி ஈரக் கொழுந்து ஒட்டிக்கிடந்தது. காற்று கொண்டுவந்து போட்டிருக்கும் என்று கூட்டித் தள்ளினான். வண்டி ஐந்து முடக்கையும் ஒரே இழுவையில் ஏறியது. சந்தோஷம் தாங்காமல், முதல் முடக்கில் நின்ற நல்லம்மாவிடம் கத்திச் சொன்னான். கொழுந்து பறிக்கிறவர்களில் தோட்டத்திலேயே மூத்தவள் அவள்.

"நல்லம்மாக்கா! வண்டி இப்ப குதிர மாதிரி!"

"அப்புடியா தம்பி? நல்லதாப் போச்சு!" என்ற நல்லம்மா, பின்னால் திரும்பி, "ஏய், கேட்டீங்களாடி?" என்று மற்றவர்களுக்கும் சொன்னாள்.

எவ்வளவு அக்கறை என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

அன்று பிற்பகல் வண்டி மூன்றாவது முடக்கில் நின்றது.

அதை லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனான். கராஜ்காரர் நிஸாம் வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பெல்ட் வழுக்குது மச்சான். பிரேக்கும் கொஞ்சம் புடிச்சிக்கிட்டு ஈக்கி. இனி பாரு."

புதுப் பெல்ட் போட்டு, பிரேக்கைத் தளர்த்தி, கராஜில் நின்ற நாலு பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு பசறை ரோட்டு ஏற்றத்தில் ஓட்டினார். வண்டி பாடிக்கொண்டு ஏறியது.

"என்னட அன்பளிப்பா பின்னுக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடிச்சி வுட்டீக்கேன். வெள்ளக்காரன்ட பேக்கு உழாது. ஆளையே தொங்க வுட்டாலும் தாங்கும்."

திரும்பி வந்தபோது கொக்கியைத் தடவிப் பார்த்தவள் நல்லம்மாதான். "நல்ல கனமான கொக்கி தம்பி. அந்தக் கராஜ் நானாவுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

மறுநாள் பிற்பகல் வண்டி இரண்டாவது முடக்கில் நின்றது. பின்னுக்கும் கொஞ்சம் நழுவியது.

"நிஸாம் நானா, பெல்ட் போட்டதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு!"

"எத்தின பேர ஏத்தின?" என்றது போன்.

"ரெண்டே ரெண்டு கெழவிங்க."

நிஸாமுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார்சைக்கிளில் தோட்டத்துக்கே வந்தார். மலையில் வேலையில்லாத நாள். வெயில் பளிச்சென்று அடித்தது. தெமோதரைப் பக்கம் போகிற ரயிலின் சத்தம்கூடக் கேட்டது. மூன்று தரம் ஏறி இறங்கினார். ஓரிடத்திலும் முனகல் இல்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான்," என்று கையைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்குத்தான் யாரோ கண்ணு வெச்சீக்கி."

விளக்கு வைக்கிற நேரத்தில் கிருஷ்ணராஜ் லயத்துக் காம்பரா வீட்டுக்குள் சோர்ந்துபோய்ச் சாய்ந்தான். அவன் மனைவி சுபாஜினிக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை. தாய்மார் மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ஒனக்கென்ன, ஒன் வேலையில ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல," என்றான் அவளிடம்.

"ஆமாமா. ஆனா இப்ப கொஞ்ச நாளா எனக்கு நல்ல காலந்தாங்க. தாய்மாருங்க நேரத்தோட வந்து புள்ளைங்கள தூக்கிக்கிறாங்க. முன்னயெல்லாம் இடுப்ப புடிச்சிக்கிட்டு, முனகிக்கிட்டு வருவாங்க. இப்ப சிரிச்சிக்கிட்டு வாராங்க."

"யாருக்கோ நல்ல காலம்," என்று பெருமூச்சு விட்டான்.

"எந்திரிங்க. ரோதமுனிக்கு ஒரு பூச போட்டுடுவோம்."

தொழிற்சாலை மெஷின்களையும் வண்டிச் சக்கரங்களையும் காவல் காக்கிற சாமி ரோதமுனி. செவ்வாய்க்கிழமை காலையில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பொங்கல் வாங்க வந்த நல்லம்மா வண்டிக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

"இனி எவ்வளவு பாரமும் இழுக்கும் தம்பி. முனி பாத்துக்கிடுவாரு."

அன்று பிற்பகல் ஒரே ஒரு விருந்தினர், ஒல்லியான பெண்பிள்ளை. வண்டி முதல் முடக்கைத் தாண்டியதும் நின்றது. அந்தப் பெண்ணும் இறங்கிப் பின்னால் போய்ப் போட்டோ பிடித்தாள்.

அன்றிரவு கனவில் கிருஷ்ணராஜ் மருந்துத் தாங்கியைச் சுமந்தபடி குடை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

புதன்கிழமை மூன்றரை மணி. மூட்டம் பால்போல இறங்கிக் கிடந்தது. முதலாளி கைத்தடியோடு முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டில் ஷப்ராஸ், உதட்டுக்குள் ஏதோ ஓதியபடி. முதல் முடக்குப் பாலத்தில் வழக்கம்போல வேகம் குறைத்துத் திரும்பினான். இருபது அடி போவதற்குள் வண்டி இருமியது, நடுங்கியது, நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் முதலாளி.

ஷப்ராஸ் ஓதுவதை நிறுத்திவிட்டார். கிருஷ்ணராஜுக்குத் தோளில் இருந்த பழைய தடம் எரிந்தது. காலை எடுக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. மூட்டத்துக்குள் மட்டும் பேச்சுச் சத்தம். வெட்கத்தை விட்டுக் கத்தினான்.

"நல்லம்மாக்கா! எல்லாரும் கொஞ்சம் வாங்க! என் பொழப்பே போயிரும் போல! பின்னால இருந்து ஒரு கை குடுங்க!"

பிறகு படங்குக்குப் பின்னால் காலடிகள், குசுகுசுப்பு, வளையல் சத்தம். தொப், தொப் என்று மண்ணில் ஏதோ அதிர்ந்தது. காலை ஊன்றித் தள்ளுகிறார்கள் என்று நினைத்தான். ஒவ்வொரு தொப்புக்கும் வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"இப்ப போங்க தம்பி!"

மிதித்தான். குடை வண்டி பறந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. முதலாளியின் தொப்பி பின்னால் போய் ஷப்ராஸின் மடியில் விழுந்தது. பங்களா வாசலில் நின்றபோது முதலாளி சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

"ஷப்ராஸ், இந்த வண்டியையும் விடாதீங்க, இந்த டிரைவரையும் விடாதீங்க."

கிருஷ்ணராஜ் குசினிக்குள் ஓடி, விருந்தினருக்கு வெட்டி வைத்திருந்த பட்டர் கேக்கில் பாதியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு இறங்கினான். முதல் முடக்கில் ஏழு பெண்களும் அவரவர் கொழுந்துச் சாக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூட்டம் அவர்கள் தலையைத் தொட்டுக்கொண்டு போனது. தட்டை நீட்டும்போது அவன் கண் கலங்கியது.

"நீங்க மட்டும் தள்ளலேன்னா இன்னைக்கு என் கத முடிஞ்சிருக்கும்க்கா."

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லம்மா ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"தள்ளுனமா? ஒரு வெரலுகூட வைக்கலியே தம்பி! நீங்க வண்டிய சரி பண்ணிட்டேன், சரி பண்ணிட்டேன்னு சொல்லச் சொல்ல, நாங்களும் மேல கொட்டகைக்குப் போகட்டும்னு ஒவ்வொண்ணாக் கூட்டி வண்டிப் பின்னால மாட்டிக்கிட்டே வந்தோமில்ல, அந்த ஏழு கொழுந்து மூட்டையையும் கழட்டி எறக்குனோம், அம்புட்டுத்தான்."