பயம் போதாத கிளியம்மாள்

கண்ணில் புரை விழுந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது செம்பாக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எடுப்பதற்கு முன் வயசானவர்களின் பயத்தை அளக்க வேண்டும் என்பது தொண்ணூற்று மூன்றாம் வருஷம்தான் மேலிடத்துக்குத் தோன்றியது.

கிளியம்மாளுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. சாமி விளக்கு ஏற்றப் போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். இலவசக் கண் ஆபரேஷன் முகாம் என்றதும் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போய் நின்றாள்.

முதியோர் அச்ச அளவை அலுவலர் ஏகநாதன் அவளை மரியாதையாக உட்காரவைத்தார். படபடப்பு வருவது வேறு, அந்தப் படபடப்பைக் கண்டு பயப்படுவது வேறு, தாம் அளப்பது இரண்டாவதை என்று விளக்கினார்.

"நெஞ்சு படபடத்தா பயமா இருக்குமாம்மா?"

"உக்காந்தா அடங்கிடும் சார்."

"கை நடுங்கினா?"

"டம்ளரைக் கீழ வெச்சிடுவேன்."

ஏகநாதன் வருத்தத்தோடு பேனாவை மூடினார். பயத்தைக் குறைத்த பிறகே ஆபரேஷன் என்பது உத்தரவு.

"உங்களுக்குப் பூஜ்யம்மா. இல்லாத பயத்தை நான் எப்படிக் குறைக்கிறது?"

பயம் வளர்ந்ததும் வரச் சொன்னார். அதற்கென்றே சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடந்தது. படபடப்பு மாரடைப்பாக இருக்கலாம், கிறுகிறுப்பு பக்கவாதமாக இருக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அதற்குள் ஊரில் பிள்ளைகள் அம்மாவின் மார்க்கைச் சொல்லிப் பெருமைப்பட ஆரம்பித்திருந்தார்கள். மகன் லோகநாதனுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"கீழ்க்கட்டளையில இருக்கிற மச்சானோட அம்மா முப்பத்தஞ்சு. நீ முட்டை வாங்கிக்கினு வந்து நிக்கிற."

கிளியம்மாள் ரோஷக்காரி, ஊன்றிப் படித்தாள். பூஜை மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே என்று மணியைப் பரணில் போட்டாள். நெஞ்சில் கை வைத்தபடியே சாப்பிட்டாள். மறுபடி அளந்தபோது நாற்பது, முகாமிலேயே முதல். ஏகநாதன் எழுந்து நின்று வாழ்த்தினார். பயத்தைக் குறைக்க அவர் தயாரானபோது, முதல் மார்க்கை விட்டுத்தர முடியாது என்று லோகநாதன் சண்டைக்கு வந்தான். சரி, அப்படியே ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேன் வந்தது. கிளியம்மாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கிக்கொண்டாள்.

"கண்ணுல கத்தி வெக்கிறப்போ படபடன்னு வந்துட்டா என்னா ஆவறது?"

நாற்பது வாங்கினவளே போகவில்லை, நாம் போனால் என்ன மரியாதை என்று மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். வேன் காலியாகத் திரும்பியது. ஆபரேஷனுக்கு ஆளே இல்லாததால், செம்பாக்கத்தில் கண்புரை அடியோடு ஒழிந்துவிட்டதாக ஏகநாதன் மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

செய்தி பேப்பரில் வந்தது, எல்லார் பெயரும் போட்டு. லோகநாதன் ஆளுக்கொரு பேப்பர் வாங்கிக் கொடுத்தான். அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, நம்ம பேர் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு, எல்லாரும் சந்தோஷமாகப் பேப்பரைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.