ஓடுபாதையில் ராகு காலம்

பெர்த்தில் இருக்கும் மரியாதைக்குரிய அர்ஜுனன் அத்தான் அவர்களுக்கு,

சுங்கை பினாங்கிலிருந்து மைத்துனன் ஹரீஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். புத்திக்கு உத்தரவாதம் தர முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குமுதா அக்கா உங்கள் போனை எடுத்துப் படித்துவிடுவாள், நிறைமாதத்தில் அதிர்ச்சி ஆகாது. அதனால்தான் உங்கள் ஆபீஸ் ஈமெயிலுக்கு எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் வருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். வெள்ளிக்கிழமை பிளைட்டில் அப்பா ஏற மாட்டார். அவர் ஏறாமல் அம்மாவும் ஏற மாட்டார்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்ததுமே அப்பா, "இது சரிப்படாதுடா" என்றார். இதுவரை விமானமே ஏறாத மனிதர். பயம் என்று அந்த நிமிடமே கண்டுபிடித்துவிட்டேன். பழுது கண்டுபிடிப்பதுதானே என் வேலை. பயத்துக்கு மருந்து பழக்கம். என் அறையில் கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் இருக்கிறது, ஆனால் அதோடு சும்மா வருகிற பெரிய விமானம் வெறும் பொம்மை, பாதி பட்டன் பெயின்ட் அடித்த மாதிரிதான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆகவே உங்கள் டிக்கெட்டில் இருக்கும் அதே ரகத்துக்கு, ஒவ்வொரு சுவிட்சும் நிஜம் போலவே வேலை செய்கிற, தனியாக வாங்கிச் சேர்க்கும் ஆட்-ஆனாகத் தேடினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நாலு இன்ஜின் உள்ளதா எடுடா, ஒண்ணு போனாலும் மூணு இருக்கும்" என்றார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறோமா அப்பா, சும்மா இருங்க" என்று சொல்லி, இரண்டு இன்ஜின் உள்ளதையே இறக்கினேன்.

முதல் அதிர்ச்சி பூஜை. புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதில்லையா? நான் குளித்துவிட்டு வருவதற்குள் திரைக்கு விபூதி பட்டை போட்டு, விமானத்தைத் திருப்புகிற என் கால் பெடலுக்கு அடியில் பழத்தை வைத்து, அப்பா நன்றாக மிதித்துவிட்டார். சாறு சென்சாருக்குள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவ்வளவு பெரிய விமானம் இடது பக்கமாகவே இழுக்கிறது. அதைச் சமாளித்து மேலே ஏற்றினால், திடீர்ப் பழுது வருகிற வசதியை நான் அணைக்க மறந்திருந்தேன், இன்ஜினில் தீ, மணி அலறுகிறது. சமையலறையில் இருந்த அம்மா கேஸை மூடிவிட்டுக் கீழே ஓடிவிட்டார். எதிர்வீட்டு ஹபீபா பீவி வாளியில் தண்ணீரோடு உள்ளே வந்து, "எங்கடா நெருப்பு, தள்ளுடா!" என்று கம்ப்யூட்டருக்கு நேரே நிற்கிறார். அந்த வாளியை நான் பிடித்த பிடிக்குக் கை இன்னும் வலிக்கிறது.

உச்சம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இணையத்தில் எங்கள் மாதிரி ஆட்கள் ஒன்றாகப் பறப்போம், ஒருவர் கட்டுப்பாட்டு அறை அதிகாரியாக இருந்து மைக்கில் அனுமதி கொடுப்பார். அன்றைக்குக் கெலுகோர் கமால். அப்பா விமானத்தை ஓடுபாதைக்கு அழகாகக் கொண்டுபோனார், எனக்கே பெருமை. கமால் புறப்படச் சொன்னார். விமானம் அசையவில்லை.

"அங்கிள், போகலாம் அங்கிள்."

"தம்பி, ராகு காலம். முடியட்டும்."

"அங்கிள், பின்னாடி வரிசையா நிக்கிறாங்க லா!"

"அவங்களுக்கும் நல்லதுதானே, நிக்கட்டும்."

"என் ஸ்கிரீன்ல ராகு காலம்லாம் காட்டாது லா அங்கிள்!"

"அதான் சொல்றேன் தம்பி. ராகு காலம் போட்ட காலண்டர வாங்கி மாட்டு."

நானே கிளப்பிவிடலாம் என்று கையை நீட்டினேன், அப்பா என் கையைத் தட்டிவிட்டார். மேலே வட்டமடித்தவர்களுக்கு எரிபொருள் தீர்ந்தது. ஒருவர் கடலில் இறங்கினார். என் கணக்கை முடக்கிவிட்டார்கள். வருஷக்கணக்காகச் சேர்த்த பெயர், அத்தான்! அப்பாவோ எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "உன் அத்தான் போட்ட டிக்கெட்டும் ராகு காலத்துலதான் கிளம்புது. நான் ஏறல" என்றார். பாருங்கள், பயத்துக்கு எப்படி ஒரு சாக்கு! இனி என்னால் ஆகாது. அக்காவுக்குப் பத்தியம் சமைக்க அங்கேயே யாரையாவது பாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாய்மாமனின் ஆசி. உங்கள் வீட்டாருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஹரீஷ்

பி.கு.: மேலே உள்ளதை எல்லாம் அழித்துவிடவும். அனுப்பப் போன நேரத்தில் அம்மா வந்தார். ஏஜெண்டுக்கு ஒரே ஒரு போன் போட்டு, டிக்கெட்டைச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டாராம். அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். "உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன். "நான் எப்படா பயம்னு சொன்னேன்? நேரம் சரியில்லன்னு சொல்ல வந்தேன், நீ எங்க கேட்ட?" என்கிறார். அதோடு விட்டால் பரவாயில்லை. "பட்டன்லாம் தெரிஞ்ச ஆளு கூட இருக்கட்டும்" என்று அம்மா எனக்கும் ஒரு டிக்கெட் போட்டுவிட்டார். அத்தான், பெரிய விமானம் எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறேன், ஒன்றிலும் ஏறியதில்லை. எந்த வால்வு மாட்டிக்கொண்டால் எந்தப் பம்ப் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பயம் என்று நினைக்க வேண்டாம். குமுதா அக்காவுக்குத் தேதி ஒரு மாதம் தள்ளிப்போக வாய்ப்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டு உடனே எழுதவும்.