தம்பி கைலாசம் குழிக்குள் இறங்கக் கூடாது என்பது பற்றி

பள்ளிபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

மனைவி மக்களோடும் மரவள்ளிக் காட்டோடும் செழிப்பாக இருக்கும் தம்பி கைலாசத்துக்கு, அக்கா ராசம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, போன வாரம் கன்று போட்ட எருமை ஆகிய மூவரும் சுகம். அங்கே உன் சுகமும் பழனியம்மாள் சுகமும் அறிய ஆவல். என் முழங்கால் வலியை இதில் சேர்க்கவில்லை.

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள் என்றாலும் விசயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜவ்வரிசி செய்கிற உன் சேகோ பேக்டரியில் கழிவுத்தண்ணிக் குழியைச் சுத்தம் பண்ணப் போகிறாய். வருசா வருசம் முதல் ஆளாக நீதான் இறங்குகிறாய். உனக்கு வயசு அறுபத்திரண்டு. நம் பேத்தி வெண்ணிலா செய்த ரோபோவை வாங்கி இறக்கு என்று போனில் சொன்னேன். மொதலாளி எறங்குனாத்தான் ஆளுங்க எறங்குவாங்க, பொம்மைய நம்பி நான் கரையில உக்கார முடியுமா என்று போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடுதாசி. இதில் முடிகிற வரைக்கும் நான் மட்டும்தான் பேசுவேன்.

போன புதன்கிழமை இங்கே நசுருல்லா பாயோட சாயப்பட்டறையில் அந்த ரோபோவுக்கு முதல் வேலை. என் பேத்தி கோயமுத்தூரில் நாலு பேரோடு சேர்ந்து செய்தது, ஆட்டுக்கல் உயரம், சக்கரத்துக்குப் பதிலாப் பெல்ட்டு, முன்னாடி ஒரு கண்ணாடிக் கண்ணு. யாரும் ஓட்ட வேண்டியதில்லை, கழிவுத் தொட்டிக்குள் விட்டால் தன்னாலே சுத்திப் பார்த்து, தன்னாலே சேறு வழிச்சு, தன்னாலே திரும்பி வரும். புது வண்டி ஒன்று பூசை இல்லாமல் வேலைக்குப் போகலாமா? தட்டோடு போய்விட்டேன். பாய் சிரிச்சுக்கிட்டே, உங்க பேத்தி மெஷினுங்கம்மா, உங்க முறைப்படியே பண்ணுங்க என்று ஒதுங்கி நின்னார். சந்தனத்தைக் குழைச்சு நல்லாப் பெரிசா நெத்தியிலே வச்சேன், குங்குமமும் வச்சேன். ரோபோ அசையவே இல்லை. எனக்குக் கண்திருட்டி என்று தோணிச்சு. வெண்ணிலா ஓடி வந்து, அப்பத்தா, அது நெத்தி இல்ல, கண்ணு என்று துப்பட்டாவாலே துடைச்சாள். அப்புறம் பெல்ட்டுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வச்சேன். லாரி, டிராக்டர், நீ வாங்குன முதல் ஸ்கூட்டர் எல்லாம் நசுக்கிட்டுப் போன பழம்தானே? இது கிட்ட வந்து நின்னு, பழத்தை உத்துப் பாத்து, சுத்திக்கிட்டுப் போயிருச்சு. நான் விடுவேனா, மறுபடி முன்னாடி கொண்டு போய் வச்சேன். மறுபடி சுத்திப் போச்சு. முழங்கால் வலியோட அந்த முற்றம் பூரா பழத்தை எடுத்துக்கிட்டு அது முன்னாடி ஓடினேன், தம்பி. கடைசியில அது செவப்பு லைட்டைப் போட்டு நின்னுருச்சு. தொட்டிக்குள்ளே எறங்குற மணியன்னு ஒரு ஆளு, பதினொரு வருசமா அங்கேதான் வேலை, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுறது சேத்தை எங்கே தள்ளப் போகுதுன்னு சிரிச்சான். எனக்கு மானமே போச்சு. வெண்ணிலா மட்டும், உள்ளே கெடக்கறது கல்லா மனுசன் கையான்னு அதுக்குத் தெரியாதுங்கண்ணா, அதனால எதையும் மிதிக்காம இருக்கத்தான் பழக்கியிருக்கோம்னு சொன்னாள்.

சங்கிலியில கட்டித் தொட்டிக்குள்ளே எறக்கினாங்க. கொஞ்ச தூரம் போய் நின்னுருச்சு. பாதையைப் பாத்துக்கிட்டு நின்னுதாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு மணியன் லுங்கியை மடிச்சுக் கட்டி, எடுத்துக் குடுத்துட்டு வாரேனுங்கன்னு ஏணியிலே ஒரு காலை வச்சுட்டான். அதே நேரம் உள்ளேயிருந்து ரோபோ வீல்னு கத்துது. வெண்ணிலா பாய்ஞ்சு அவன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தாள்.

"அண்ணா, உள்ளே விசக்காத்து நிக்குது, அதான் அது கத்துது. நாலு மூச்சு இழுத்தா எந்திரிக்க மாட்டீங்க."

மணியன் கரையிலேயே உக்காந்துட்டான். அப்புறம் என்கிட்டே சொன்னான்:

"உள்ளே எறங்குனா தலை சுத்துமுங்கம்மா. இத்தனை வருசமா அதைப் பசின்னு நெனச்சுட்டிருந்தேன்."

அந்த ரோபோ பாட்டுக்கு அந்த விசக்காத்துக்குள்ளேயே நின்னு, சாயங்காலம் வரைக்கும் சேறு வழிச்சுது. மேலே வந்ததும் மணியன்தான் குழாயைப் பிடிச்சுக் குளிப்பாட்டினான், எருமையைக் கழுவுற மாதிரி காது மடல் வரைக்கும் தேடித் தேடி. அதுக்குக் காது இல்லை. பாய் எல்லாருக்கும் பிரியாணி சொன்னார்.

தம்பி, போன வருசம் குழியிலேருந்து ஏறி வந்து நீயும் தலை சுத்துதுன்னு படுத்தியே, பழனியம்மாள் கூட மோர் கரைச்சுக் குடுத்தாளே. அது வெயிலாலே வந்த மயக்கம் இல்லை சாமி, இதே விசக்காத்து. நீ இறங்கினால் ஆளுங்களும் இறங்குவாங்க என்பது சரிதான், எனக்கு அதுதான் பயமே. ரோபோவை இறக்குகிறேன் என்று உன் வாயால் சொல்லும் வரைக்கும் உன் ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன், உன் கையால் பச்சைத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்.

நீயும் பழனியம்மாளும் பேரன் பேத்தி எடுத்து, நல்ல காத்தை மட்டும் சுவாசித்து நூறு வருசம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் மூத்தவள்,
ராசம்மாள்.

மறந்துபோனது: கவரை ஒட்டும்போது வெண்ணிலா வந்தாள். நீ நேத்தே அவளுக்குப் போன் பண்ணி, வெள்ளிக்கிழமைக்கு ரோபோ வேண்டும், ஆனால் அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு வரக் கூடாது என்று சொன்னாயாமே? ரோபோ வருகிற வேனில் முன் சீட்டு எனக்குத்தான். இந்தக் கடுதாசியை நானே உன் ஊட்டுக்கு வந்து கையிலே குடுக்கிறேன். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.